கமிஷனரின் ஒரு பத்தியும் அஜனுப்புவின் உலக்கையும்

நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயின் 'திங்ஸ் ஃபால் அபார்ட்' நாவல் முடியும்போது கதாநாயகன் உயிரோடு இல்லை. ஒகோன்க்வோ தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு மரத்தில் தூக்குப் போட்டுக்கொண்டுவிட்டான். அவனைக் கைது செய்யச் சிப்பாய்களோடு வந்த வெள்ளைக்கார மாவட்டக் கமிஷனரிடம், உடலை இறக்கித் தரச் சொல்லிக் கேட்கிறான் நண்பன் ஒபியரிகா. தற்கொலை செய்துகொண்டவனின் உடலைச் சொந்தக் குலத்தார் தொடக்கூடாது, அந்நியர்கள்தான் தொடலாம். அங்கே அதுதான் வழக்கம். இதைக் கேட்டதும் கமிஷனருக்குள் இருந்த அதிகாரி ஒதுங்கிக்கொள்கிறார். 'பழங்குடிப் பழக்கவழக்கங்களை' ஆராய்கிற மாணவர் எட்டிப்பார்க்கிறார். துருவித் துருவிக் கேட்கிறார். ஒபியரிகாவுக்குத் தாங்கவில்லை. இந்த ஊரின் பெரிய மனிதர்களில் ஒருவன் இவன், இவனை நீங்கள்தான் சாகடித்தீர்கள், இப்போது நாயைப் புதைப்பதுபோல் புதைக்கப் போகிறார்கள் என்று வெடிக்கிறான். அதற்குமேல் அவனுக்குத் தொண்டை அடைத்துவிடுகிறது.

கமிஷனர் உடலை இறக்கும்வரை நிற்பதில்லை. மரத்திலிருந்து பிணத்தை இறக்குவதை ஓர் அதிகாரி நின்று பார்த்தால் மரியாதை கெட்டுப்போகுமாம். திரும்பி நடக்கும்போது, தான் எழுதப்போகும் புத்தகத்தை நினைத்துக்கொள்கிறார். இந்த ஆளைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதலாம். இல்லை, அத்தியாயம் வேண்டாம், ஓரளவு பெரிய ஒரு பத்தி போதும். சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறதே, சில்லறை விஷயங்களை வெட்டித்தானே ஆகவேண்டும். புத்தகத்துக்குத் தலைப்பும் வைத்தாயிற்று: 'கீழ் நைஜர் பகுதியின் ஆதிக் குடிகளை அமைதிப்படுத்துதல்'. அந்தத் தலைப்போடு நாவல் முடிகிறது.

25 அத்தியாயங்களாக நாம் கூடவே இருந்து பார்த்த ஒரு மனிதனுக்கு ஒரு பத்தி. ஒரு நாவலை இதைவிடக் குரூரமாக முடிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தமிழ்நாட்டில் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்த பலருக்கு இந்த நாவல் பாடமாக வந்திருக்கும். எனக்கும் அப்படித்தான் வந்தது. 'ஒகோன்க்வோ ஒரு துன்பியல் நாயகன், விளக்குக' என்பது நிச்சயக் கேள்வி. அப்புறம் 'காலனியத்தின் தாக்கம்'. கைடைப் புரட்டினால் கதைச் சுருக்கம் நாலு வரிதான்: ஆப்பிரிக்கக் கிராமம் இருந்தது, வெள்ளைக்காரன் வந்தான், கிராமம் உடைந்தது, நாயகன் செத்தான். யோசித்துப் பார்த்தால் அந்தக் கைடும் கமிஷனரின் பத்தியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. தேர்வுக்குப் பிறகு பல வருஷம் கழித்து, மதிப்பெண் பயம் இல்லாமல் படித்தபோதுதான் நாவல் கண்ணில் பட்டது. ஈழத்து எழுத்தாளர் என்.கே. மகாலிங்கம் அதைத் தமிழில் தந்திருக்கிறார் என்பதால், ஆங்கிலம் படிக்காதவர்களுக்கும் இன்று அது எட்டாத புத்தகம் இல்லை.

பின்காலனிய இலக்கியம், அதாவது காலனி ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகளின் எழுத்து, என்று பேச்செடுத்தால் அச்செபே எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவார். கூடவே ஒரு சூத்திரமும் வரும்: ஐரோப்பா ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதியதற்கு அவர் பதில் எழுதினார். தப்பில்லை. ஆனால் இந்தச் சூத்திரம் எனக்கு வரவர அலுப்புத் தட்டுகிறது. பதில் என்றால் கேள்வி கேட்டவனுக்குத்தானே முதல் மரியாதை? அச்செபே பின்வந்தவர்களுக்குக் கொடுத்ததில் பெரியது பதில் சொல்லத் தேவையே இல்லாத ஓர் இடம் என்று நினைக்கிறேன். அந்த இடத்தை முழுசாகப் பயன்படுத்திக்கொண்டது அவரைவிட, அவர் கையால் வெளிச்சத்துக்கு வந்த ஒரு பெண்தான். அதற்கு வருகிறேன்.

முதலில் பதில் கதையைச் சொல்லிவிடலாம். அச்செபே 1930 நவம்பர் 16 அன்று கிழக்கு நைஜீரியாவின் ஒகிடியில் பிறந்தார். அப்பா, சர்ச் மிஷனரி சொசைட்டியின் வேதபோதகர். பிள்ளைக்கு வைத்த ஞானஸ்நானப் பெயர் ஆல்பர்ட், விக்டோரியா மகாராணியின் புருஷன் பெயர். கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை என்பதால் ஊர்த் திருவிழாக்களை விலகி நின்றுதான் பார்க்க முடியும். ஆனால் பார்த்தார், நன்றாகவே பார்த்தார். 1948இல் இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரியில் மருத்துவம் படிக்க உதவித்தொகையோடு சேர்ந்தார். அது பிடிக்காமல் இலக்கியத்துக்கும் வரலாற்றுக்கும் மாறியதில் உதவித்தொகை போயிற்று. ஆல்பர்ட் என்ற பெயரைக் கைவிட்டதும் அங்கே படித்த காலத்தில்தான்.

அங்கே பாடமாக வந்தது ஜாய்ஸ் கேரியின் 'மிஸ்டர் ஜான்சன்'. நைஜீரியாவில் காலனிய அதிகாரியாக இருந்த ஓர் ஐரிஷ்காரர் எழுதி, 1939இல் வெளியான நாவல். நைஜீரியாவைப் பற்றி எழுதப்பட்டதிலேயே சிறந்தது என்று அப்போது பெயர். அதன் நாயகன் ஜான்சன் ஒரு குமாஸ்தா. சிரிப்பான், ஆடுவான், பொய் சொல்வான், திருடுவான், தன் வெள்ளைக்கார எஜமானைக் கும்பிடுவான். கடைசியில் அந்த எஜமானே அவனைச் சுட்டுக்கொல்கிறார். வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, புத்தகத்தில் தனக்குப் பிடித்த ஒரே இடம் ஜான்சன் சுடப்படும் இடம்தான் என்றானாம். ஆங்கில ஆசிரியருக்கு அதிர்ச்சி. அச்செபே இதைப் பின்னாளில் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். தன் வீட்டுக் கதையை வேறொருவன் வந்து சொல்ல விடக்கூடாது என்று அவருக்கு அங்கே பட்டுவிட்டது.

நாவல் எழுதி முடித்தபோது அவர் நைஜீரிய வானொலியில் வேலையில் இருந்தார். 1956இல் பிபிசி பயிற்சிக்காக லண்டன் போனபோது கையெழுத்துப் பிரதியைக் கொண்டுபோயிருந்தார். அங்கே படித்தவர்கள் உடனே பதிப்பகத்துக்குக் கொடுக்கலாம் என்றபோதும் அவர் சம்மதிக்கவில்லை. அந்த முதல் வடிவத்தில் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை இருந்தது. ஊர் திரும்பி, ஒகோன்க்வோவின் கதையை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டினார். பிறகு செய்ததுதான் நெஞ்சைப் பதறவைக்கிறது. இருந்த ஒரே கையெழுத்துப் பிரதியை, பத்திரிகை விளம்பரம் பார்த்து லண்டனில் ஒரு தட்டச்சு நிறுவனத்துக்குத் தபாலில் அனுப்பினார். அவர்கள் கேட்ட பணத்தையும் அனுப்பினார். மாதக்கணக்கில் பதில் இல்லை. வானொலியில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த ஏஞ்சலா பீட்டி என்ற ஆங்கிலேயப் பெண் விடுமுறையில் லண்டன் போனபோது, நேரே அந்த அலுவலகத்துக்குப் போய்ச் சத்தம் போட்டார். பிரதி ஒரு மூலையில் சும்மா கிடந்திருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கட்டுதானே என்று யாரும் தொடவில்லை. அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் தட்டச்சுப் பிரதி அச்செபே கைக்கு வந்தது.

ஹைனமன் பதிப்பகம் 1958 ஜூன் 17 அன்று 2,000 பிரதிகள் போட்டது. இன்று அது 50க்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது; விற்றது 2 கோடிப் பிரதிகளுக்கு மேல்.

ஆப்பிரிக்க நாவலின் தந்தை என்று அவரைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அவருக்கு அந்தப் பட்டம் பிடிக்காது, பிடிக்கவும் கூடாது. தாமஸ் மொஃபோலோ தென் ஆப்பிரிக்கப் பகுதியின் செசோத்தோ மொழியில் எழுதிய 'சாக்கா' 1925லேயே வந்துவிட்டது. அச்செபேயின் தாய்மொழியான இக்போவிலேயே பிட்டா ந்வானாவின் 'ஒமெனுக்கோ' 1933இல் வந்தது. நைஜீரியாவின் இன்னொரு மொழியான யொருபாவில் ஃபகுன்வா 1938இல் எழுதினார். ஆங்கிலத்திலும் அமோஸ் டுட்டுவோலாவின் 'பாம் ஒயின் டிரிங்கார்ட்' 1952இல் லண்டனில் வெளியாகி, அங்குள்ளவர்களைத் திக்குமுக்காட வைத்திருந்தது.

சரி, அச்செபே புதிதாக என்னதான் செய்தார்? நாவலின் முதல் பாகத்தைப் பாருங்கள். 25இல் 13 அத்தியாயங்கள். அதில் வெள்ளைக்காரன் கிட்டத்தட்ட இல்லை. ஒரே ஓர் இடத்தில் வருகிறான், அதுவும் வேடிக்கைப் பேச்சாக. கள் குடித்துக்கொண்டு கல்யாணப் பேச்சு நடத்தும் ஆண்கள், எங்கோ சுண்ணாம்புக் கட்டிபோல் வெள்ளையான மனிதர்கள் இருக்கிறார்களாமே என்று பேசிச் சிரிக்கிறார்கள். ஒருவன், ஏன், நம்மூரிலேயே ஒருத்தன் தினமும் இந்தப் பக்கம் போகிறானே என்கிறான். அவன் சொல்வது ஊரில் இருக்கும் குஷ்டரோகியை. அங்கே அந்த நோய்க்கு நாகரிகமான பெயர் 'வெள்ளைத் தோல்'. எல்லோரும் சிரிக்கிறார்கள், பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. சாம்ராஜ்யம் அவ்வளவுதான், ஒரு நகைச்சுவைத் துணுக்கு. மீதிப் பக்கங்களில் எல்லாம் யாம் கிழங்கு நடவு, மல்யுத்தம், சீர் பேசுவது, காய்ச்சல் கண்ட பிள்ளை, சோம்பேறி அப்பனை நினைத்து மகன் படும் அவமானம்.

அந்தக் குலத்தின் கொடுமைகளையும் மறைக்கவில்லை. இகெமெஃபுனா என்ற பையன் பக்கத்து ஊரிலிருந்து ஈட்டுக்கு வந்தவன். மூன்று வருஷம் ஒகோன்க்வோ வீட்டில் வளர்கிறான், அவனை அப்பா என்றே கூப்பிடுகிறான். ஒருநாள் தெய்வ வாக்கு, அவனைக் கொல்லவேண்டும் என்று வந்துவிடுகிறது. உன்னை அப்பா என்று கூப்பிடுகிறவன், அவன் சாவில் நீ கை வைக்காதே என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போகிறார். காட்டில் முதல் வெட்டு விழுந்ததும் பையன் ஓடி வருவது ஒகோன்க்வோவிடம்தான். அவன் கத்தியை உருவி வெட்டிவிடுகிறான். கோழை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். இந்தக் காட்சிக்கு வெள்ளைக்காரன் காரணமில்லை. பிற்பாடு மகன் ந்வோயே மிஷன் பக்கம் சாய்வதற்கு விதை விழுந்தது இங்கேதான். பிரசங்கம் வந்து சேர்ந்தது அதற்கு வெகுநாள் கழித்து. தன் மக்களை வக்கீல்போல் வாதாடிக் காப்பாற்றவேண்டும் என்று நினைக்கும் எழுத்தாளனால் இப்படி எழுதியிருக்க முடியாது.

அப்படியானால் அவர் பதிலே சொல்லவில்லையா என்றால், சொன்னார், ஆயுசு முழுக்கச் சொன்னார். 1975 பிப்ரவரியில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் கான்ராடின் 'ஹார்ட் ஆஃப் டார்க்னெஸ்' பற்றிப் பேசியபோது, கான்ராடை இனவெறியர் என்றே பட்டவர்த்தனமாகச் சொன்னார். ஒரு வெள்ளைக்காரனின் மனக்கொந்தளிப்புக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலையாக ஒரு கண்டத்தையும் அதன் மக்களையும் ஆக்கலாமா, அவர்களுக்குப் பேச்சே இல்லாமல் செய்யலாமா என்று கேட்டார். கிழக்கை மேற்கு எப்படிச் சித்தரித்தது என்று ஆராய்ந்த எட்வர்ட் சயீதின் 'ஓரியண்டலிசம்' வெளியாக இன்னும் மூன்று வருஷம் இருந்தது. பின்காலனிய விமர்சனம் என்று இன்று துறைகள் நடத்தும் எல்லோரும் அந்த உரையைத் தாண்டித்தான் போகவேண்டும். கான்ராடின் மொழிநுட்பத்தைச் சொல்லி அவரைக் காப்பாற்ற வந்தவர்களும் ஏராளம். அந்தச் சண்டையில் நான் அச்செபே பக்கம்தான். ஆனாலும் அவருடைய நாவல்கள் அந்த உரையைவிட நுட்பமானவை.

கமிஷனரின் பத்திக்கு மிக அழகான தொடர்ச்சி எழுதியவர் சிமமந்தா ங்கோசி அடிச்சி. ந்சுக்கா பல்கலைக்கழக வளாகத்தில் அவர் வளர்ந்த வீடு, முன்பு அச்செபே குடியிருந்த வீடு. இப்படி ஒன்றை நாவலில் எழுதினால் நம்பமாட்டோம். இக்போ மக்கள் நைஜீரியாவிலிருந்து பிரிந்து தனிநாடாக நின்ற பியாஃப்ரா போரைப் பற்றிய அவருடைய 'ஹாஃப் ஆஃப் எ யெல்லோ சன்' 2006இல் வந்தது. கதைக்கு நடுவே, போரைப் பற்றி யாரோ எழுதும் ஒரு புத்தகத்தின் துண்டுகள் வந்துகொண்டே இருக்கும். ரிச்சர்ட் என்ற ஆங்கிலேயன் எழுத்தாளனாகும் ஆசையோடு அந்தக் கதையில் சுற்றிக்கொண்டிருப்பதால், எழுதுவது அவன்தான் என்று நினைத்துக்கொண்டே படிப்போம். கடைசியில்தான் தெரியும், அதை எழுதியது உக்வு, கிராமத்திலிருந்து வீட்டு வேலைக்கு வந்த பையன்.

அச்செபேயின் செல்வாக்கு என்றால் நாவலை மட்டும் பேசிவிட்டுப் போகக்கூடாது. அவர் உட்கார்ந்த மேஜையும் உண்டு. 1962இல் ஹைனமன் 'ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசை'யைத் தொடங்கியது. ஹைனமனின் கல்விப் பிரிவை நடத்திய ஆலன் ஹில்லின் யோசனை. பிரிட்டிஷ் பதிப்பகங்கள் அதுவரை மேற்கு ஆப்பிரிக்காவைப் பாடநூல் விற்கும் சந்தையாகத்தான் பார்த்தன. அங்கிருந்து புத்தகம் வரும் என்று நினைக்கவில்லை. மலிவு விலை, பேப்பர்பேக், பள்ளி மாணவன் வாங்கக்கூடிய புத்தகம். வரிசையின் முதல் எண் அச்செபேயின் நாவலுக்கு. ஆசிரியப் பொறுப்பும் அவருக்கே. பத்து வருஷம் பார்த்தார், சம்பளம் வாங்காமல். 1972இல் அவர் விலகியபோது வரிசை நூறாவது புத்தகத்தை எட்டியிருந்தது. அந்த நூறாவதும் அவருடையதே, 'கேர்ல்ஸ் அட் வார்' சிறுகதைத் தொகுதி. நடுவில் பியாஃப்ரா போர் இரண்டரை வருஷம் நடந்தது. கூடவே பதிப்பகம் தொடங்கிய கவிஞர் கிறிஸ்டோஃபர் ஒகிக்போவைப் போர் தின்றுவிட்டது. இத்தனைக்கும் நடுவில் யாரோ எழுதி அனுப்பும் கட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

1962 ஜூனில் உகாண்டாவின் கம்பாலாவில் மக்கரேரே கல்லூரியில் ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாடு நடந்தபோது, அங்கே படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவன் தன் கையெழுத்துப் பிரதியை அச்செபேயிடம் கொடுத்தான். அப்போது பெயர் ஜேம்ஸ் கூகி. நாம் அறிந்த கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ. அவருடைய 'வீப் நாட், சைல்ட்' 1964இல் அதே வரிசையில் வந்தது. பிற்பாடு அச்செபேயோடு மொழிச் சண்டை போட்டவரும் அவரேதான். மாநாட்டுக்கு ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களை மட்டுமே அழைத்திருந்தார்கள். ஆப்பிரிக்க மொழிகளில் எழுதியவர்களுக்கு அழைப்பே இல்லை. மறுவருஷமே ஒபி வாலி என்ற விமர்சகர் இது முட்டுச்சந்து என்று எழுதினார். ஆங்கிலம் எனக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது, அதை என் ஊருக்கு ஏற்றபடி வளைத்துக்கொள்வேன் என்பது அச்செபேயின் கட்சி. கூகி 1977இல் தன் தாய்மொழியான கிக்குயூவில் நாடகம் போட்டதற்காகவே சிறைக்குப் போனார். சிறையில் கழிவறைக் காகிதத்தில் கிக்குயூவிலேயே நாவல் எழுதினார். 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்று அது தமிழுக்கும் வந்தது. தாய்மொழியில் எழுதுவதைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாத நமக்கு இந்தச் சண்டையில் கூகி பக்கம் நிற்பது சுலபம். நைஜீரியாவில் மட்டும் நூற்றுக்கணக்கான மொழிகள் என்பதை நினைத்தால் அவ்வளவு சுலபமாகத் தெரியவில்லை.

அதே மேஜைக்கு வந்த இன்னொரு கட்டு ஃப்ளோரா ந்வாப்பாவுடையது. ஆரம்பத்தில் நான் சொன்ன பெண் இவர்தான். அச்செபேயைவிடச் சில வாரங்களே இளையவர். 1931 ஜனவரியில் ஒகுட்டாவில், ஏரிக்கரை ஊரில் பிறந்தவர். இபாதானில் படித்து, எடின்பரோவில் ஆசிரியப் பயிற்சி முடித்து, வேலை பார்த்துக்கொண்டே எழுதியது 'எஃபுரு'. 1962இல் அச்செபேக்கு அனுப்பினார். அவர் படித்துவிட்டு, ஹைனமனுக்கு அனுப்பச் சொல்லித் தபால் செலவுக்கும் பணம் வைத்து எழுதினார். தன் பிரதி லண்டனில் அநாதையாகக் கிடந்ததை அவர் மறந்திருக்கமாட்டார் என்று இந்த இடத்தில் நான் நினைத்துக்கொள்வேன். நாவல் 1966இல் வெளியானது. லண்டனில் ஆங்கில நாவல் வெளியிட்ட முதல் ஆப்பிரிக்கப் பெண் என்று ந்வாப்பாவைச் சொல்வார்கள். அதே வருஷம் நைரோபியில் கிரேஸ் ஒகோட்டின் நாவலும் வந்தது.

'எஃபுரு'வைப் படிப்பதற்கு முன், அச்செபேயின் நாவலில் ஒரு காட்சியைத் திரும்பப் பார்க்கவேண்டும். பத்தாவது அத்தியாயம். எக்வுக்வு என்ற முகமூடி அணிந்த மூதாதையர் ஒன்பது பேர் ஊர்ப் பொதுவில் அமர்ந்து வழக்கு விசாரிக்கிறார்கள். வழக்கு என்னவென்றால், உசோவுலு என்பவன் பெண்டாட்டியைத் தினமும் அடிக்கிறான், அவளுடைய அண்ணன்மார் வந்து அவளைக் கூட்டிப்போய்விட்டார்கள். ஊரே கூடியிருக்கிறது. பெண்கள் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள், ஆனால் ஓரத்தில் வெளியாட்கள்போல் நிற்கிறார்கள். முகமூடிகள் வந்து அமரும்போது, இரண்டாவது முகமூடியின் துள்ளல் நடை ஒகோன்க்வோவின் நடைபோல இருக்கிறதே என்று அவன் மனைவிகளுக்குத் தெரிந்திருக்கலாம் என்கிறார் அச்செபே. பெரியவர்கள் வரிசையில் ஒகோன்க்வோவைக் காணோம் என்பதும் தெரிந்திருக்கலாம். தெரிந்தாலும் மனசுக்குள் வைத்துக்கொண்டார்கள்.

எனக்கு இந்த நாவலில் மிகப் பிடித்த வாக்கியங்கள் இவை. பெண்களுக்குத் தெரியும், சொல்லமாட்டார்கள். வழக்கு முடிந்து, கள்ளோடு போய் மாமனார் வீட்டில் மன்னிப்புக் கேள் என்று புருஷனுக்குத் தீர்ப்பாகிறது. இதுபோன்ற சின்ன விஷயமெல்லாம் எக்வுக்வு முன் வரவேண்டுமா என்று ஒரு பெரியவர் இன்னொருவரைக் கேட்கிறார். உசோவுலு எப்படிப்பட்டவன் தெரியாதா, வேறு யார் தீர்ப்பையும் அவன் கேட்கமாட்டான் என்கிறார் மற்றவர். அதற்குள் அடுத்து ஒரு நிலவழக்கு வந்துவிடுகிறது. அடிபட்டவள் கூட்டத்தில்தான் இருந்தாள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

'எஃபுரு'வில் அந்த ஓரத்தில் நின்ற பெண்கள் நடுவுக்கு வந்து உட்கார்ந்து பேச ஆரம்பிக்கிறார்கள். பேச்சு என்றால் அப்படி ஒரு பேச்சு. எஃபுரு கெட்டிக்கார வியாபாரி. யாம் கிழங்கு விற்பாள், உலர்ந்த இறால் விற்பாள், கை வைத்ததெல்லாம் லாபம். பரிசப்பணம் கொடுக்க வழியில்லாத அடிசுவாவோடு தானாகவே போய்க் குடித்தனம் நடத்துகிறாள். பணம் சேர்ந்தபிறகு இருவருமாகப் பரிசத்தைக் கட்டுகிறார்கள். ஒரே மகள் பிறக்கிறாள், இறந்துபோகிறாள். புருஷன் வேறொருத்தியோடு ஓடிவிடுகிறான். இரண்டாவது புருஷன் கில்பர்ட், படித்தவன். அவனும் ஏமாற்றுகிறான். உடம்பு சரியில்லாமல் கிடக்கும் எஃபுருவின் நடத்தையைச் சந்தேகித்துப் பேசுகிறான். அங்கே அஜனுப்பு வருகிறாள். முதல் புருஷனுடைய சித்தி முறை. உறவு அறுந்து வருஷங்கள் ஆனபிறகும் எஃபுருவை விடாதவள். நாக்கு என்றால் நாக்கு. கில்பர்டை வெளுத்து வாங்குகிறாள். அவன் அறைகிறான், அவள் கீழே விழுகிறாள். எழுந்து, உலக்கையை எடுத்து அவன் மண்டையில் போடுகிறாள். உலக்கை உடைகிறது.

ஒன்பது முகமூடி, ஊர்க்கூட்டம், கள்ளுப்பானை எதுவும் இல்லாமல் வழக்கு ஒரு நிமிஷத்தில் முடிந்தது.

வெள்ளைக்காரன்? இருக்கிறான். ஊர்ப் பெண்கள் திருட்டுத்தனமாகச் சாராயம் காய்ச்சுவதைத் தடுக்கிற சர்க்காராக, மருத்துவமனையாக, பள்ளிக்கூடமாக, கதைக்குப் பின்னால் எங்கோ இருக்கிறான். அவனுக்கு யாரும் பதில் சொல்வதில்லை. அவன் வருவதற்கு முன் நாங்கள் எப்படி இருந்தோம் என்று நிரூபிக்கும் அவசரமும் இல்லை. பெண்கள் பேசுவது கடன் யார் திருப்பித் தரவில்லை என்பதையும் யாருக்கு இன்னும் குழந்தை இல்லை என்பதையும்தான். வெளிவந்தபோது விமர்சகர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. வெறும் பேச்சாக இருக்கிறது, கதை நகரவில்லை, சில்லறை விஷயங்கள் என்றார்கள். இந்தக் குறையில் கொஞ்சம் உண்மை உண்டு. அச்செபேயின் கட்டுக்கோப்பு ந்வாப்பாவிடம் கிடையாது, சில பக்கங்கள் இழுக்கத்தான் செய்கின்றன. ஆனால் எது சில்லறை, எதை வெட்டலாம் என்று கமிஷனரும் யோசித்தாரே.

நாவலின் முடிவில் எஃபுரு தகப்பன் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறாள். ஏரிக்குள் வாழும் உஹாமிரி தேவி அவளைத் தன்னை வணங்குகிறவளாகத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். தேவி அழகி, செல்வம் கொடுப்பவள், சந்தோஷமாக இருப்பவள். அவளுக்குக் குழந்தை இல்லை. தாய்மையின் ஆனந்தத்தை அவள் அனுபவித்ததே இல்லை, பின் ஏன் பெண்கள் அவளை வணங்கினார்கள் என்ற கேள்வியோடு நாவல் நின்றுவிடுகிறது. அந்தக் கடைசி வரிகளில் இருந்து தலைப்பை எடுத்துக்கொண்டு 1979இல் 'தி ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்' எழுதினார் புச்சி எமெசெட்டா. லாகோஸில் பிறந்து, லண்டனில் ஐந்து குழந்தைகளைத் தனியாக வளர்த்துக்கொண்டு எழுதியவர்; அவருடைய ஆரம்பக் கையெழுத்துப் பிரதி ஒன்றைப் புருஷனே எரித்துவிட்டான். எமெசெட்டாவின் நாயகி ந்னு எகோ நிறையப் பிள்ளை பெற்று, வளர்த்து, படிக்கவைத்து, ஒருநாள் தெருவோரத்தில் யாருமில்லாமல் சாகிறாள். பிள்ளைகள் ஊரே வியக்கும்படி கருமாதி செய்து, கோயிலும் கட்டுகிறார்கள். பிள்ளைவரம் கேட்டுப் போகிறவர்களுக்கு அவள் வரம் கொடுப்பதே இல்லை என்று ஊரில் குறைப்பட்டுக்கொள்கிறார்கள்.

ஓரத்தில் நிறுத்திய பெண்களைப் பற்றி அச்செபேயிடமும் கேட்டார்கள். அவர் வாயால் என்ன சொன்னார் என்பதைவிட 1987இல் எழுதியதைப் பார்க்கலாம். 'ஆன்ட்ஹில்ஸ் ஆஃப் தி சவன்னா', இருபது வருஷத்துக்கும் மேல் கழித்து வந்த நாவல், புக்கர் இறுதிப் பட்டியல் வரை போனது. பிரச்சினை இப்போது வெள்ளைக்காரன் இல்லை. ராணுவ உடை போட்ட நம்மூர் ஆட்சியாளன். இந்தத் திசையில் அவர் முன்பே திரும்பிவிட்டார். 1966 ஜனவரியில் வந்த 'எ மேன் ஆஃப் தி பீப்பிள்' ராணுவப் புரட்சியில் முடிகிறது. நைஜீரியாவில் நிஜமான புரட்சி நடந்தது அதே ஜனவரி 15ஆம் தேதி. இவருக்கு முன்பே தெரிந்திருக்குமோ என்று பிற்பாடு சந்தேகப்பட்டார்கள். 1987 நாவலின் முடிவில், ஆண்கள் பெரும்பாலும் செத்துப்போன பிறகு, பெயர் சூட்டும் சடங்கை நடத்துபவள் பியாட்ரிஸ் என்ற பெண். ஆண்பிள்ளைக்கு வைக்கிற பெயரைப் பெண்குழந்தைக்கு வைக்கிறாள். பெரியவர் ஒருவர் வந்து, வேலை முடிந்துவிட்டதா என்று சிரிக்கிறார். கொஞ்சம் திட்டமிட்டு எழுதியதுபோல்தான் இருக்கிறது. ஆனாலும் 56 வயதில் தன் பழைய நாவலின் ஓரத்தைத் திரும்பிப் பார்த்த மனுஷனை எனக்குப் பிடிக்கும்.

ந்வாப்பாவுக்கு இவ்வளவு பெயர் கிடைக்கவில்லை. போருக்குப் பின் மாநில அமைச்சராக இருந்தார், அநாதைப் பிள்ளைகளுக்கு மறுவாழ்வு தேடும் வேலை செய்தார், எனுகுவில் டானா பிரஸ் என்ற சொந்தப் பதிப்பகம் நடத்தித் தன் புத்தகங்களையும் குழந்தைப் புத்தகங்களையும் போட்டார். 1993இல் இறந்தபோது, அந்த ஏரித் தேவியைப் பற்றிய இன்னொரு நாவலின் கையெழுத்துப் பிரதியை விட்டுப்போயிருந்தார்.

படிக்க நினைப்பவர்கள் அச்செபேயை முதலில் படியுங்கள், பத்தாவது அத்தியாயத்தை மறக்காமல். அப்புறம் 'எஃபுரு'வை எடுங்கள். ஆங்கிலம் எளிமையானதுதான். ஆரம்பத்தில் கிழங்கு விலையும் கடன் கணக்கும் உறவுமுறையும் தலையைச் சுற்றவைக்கும். அஜனுப்பு வந்துவிட்டால் கவலையில்லை.